பந்தை விட்டு ஒலிவாங்கிக்கு வந்தவர்: லியரி கான்ஸ்டன்டைன்

1943ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். ஐரோப்பாவில் போர் நான்காண்டுகளைக் கடந்திருந்தது. பிரிட்டனில் இரவு 9 மணிச் செய்தி முடிந்ததும் வானொலிப் பெட்டியை எவரும் மூடிவிடாத காலம் அது. செய்தியைத் தொடர்ந்து 'போஸ்ட்ஸ்கிரிப்ட்' என்ற சிற்றுரை ஒலிபரப்பாகும். எழுத்தாளர்களும் அரசியல்வாதிகளும் பேசிய அந்த நேரத்தில், அம்மாதம் ஒரு நாள், டிரினிடாட் தீவிலிருந்து வந்த கறுப்பினத்தவர் ஒருவர் ஒலிவாங்கியின் முன் அமர்ந்தார். நாட்டின் பெரும்பாலானோர் அவரை விரைவுப் பந்துவீச்சாளராக, அதிரடித் துடுப்பாட்ட வீரராக, எல்லாவற்றுக்கும் மேலாக ஈடிணையற்ற களத்தடுப்பாளராக அறிந்திருந்தனர். அவர் பேசியதோ கிரிக்கெட்டைப் பற்றி அல்ல. பிரிட்டனில் தோலின் நிறம் காரணமாக ஒரு மனிதன் சந்திக்கவேண்டியிருந்த அவமதிப்பைப் பற்றி.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான் லண்டனின் ஹோட்டல் ஒன்றில் அவருக்கும் அவரது குடும்பத்துக்கும் இடம் மறுக்கப்பட்டிருந்தது.

விளையாட்டை விட்டு விலகியபின் ஒலிபரப்புக்குச் செல்வது இன்று முன்னாள் கிரிக்கெட் வீரர்களுக்கு வழமையான பாதையாகிவிட்டது. இந்தப் பாதை புதியதும் அல்ல. 1927இல் பிரிட்டனில் முதன்முதலாக ஒரு கிரிக்கெட் ஆட்டம் வானொலியில் வர்ணிக்கப்பட்டபோது, லேட்டன் மைதானத்தில் ஒலிவாங்கியைப் பிடித்தவர் எசெக்ஸ் அணியின் முன்னாள் வீரரும் மதகுருவுமான ஃபிராங்க் கில்லிங்ஹாம். 1936இல் இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய விஜயநகரம் இளவரசர் 'விஸ்ஸி', பிற்காலத்தில் வர்ணனையாளராகவே பலராலும் நினைவுகூரப்பட்டார். ஆனால் இவர்கள் ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதற்காகவே அழைக்கப்பட்டவர்கள். லியரி கான்ஸ்டன்டைனின் கதை வேறு. கிரிக்கெட் அவருக்கு வானொலி நிலையத்தின் கதவைத் திறந்துவிட்டது. உள்ளே சென்றபின் அவர் பேச விரும்பிய விடயங்கள் மைதானத்துக்கு வெளியே இருந்தன.

கொக்கோத் தோட்டத்திலிருந்து

லியரி நிக்கலஸ் கான்ஸ்டன்டைன் 1901ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் தேதி, அப்போது பிரிட்டிஷ் குடியேற்ற நாடாக இருந்த டிரினிடாடில், டியேகோ மார்ட்டினுக்கு அருகே உள்ள பெட்டி வேலி என்ற கிராமத்தில் பிறந்தார். தந்தை வழியிலும் தாய் வழியிலும் அவரது முன்னோர் அடிமைகளாக இருந்தவர்கள். தந்தை லெப்ரன் கான்ஸ்டன்டைன் கொக்கோத் தோட்டமொன்றில் கங்காணியாகப் பணிபுரிந்தார். அவரும் பெயர்பெற்ற கிரிக்கெட் வீரரே. 1900ஆம் ஆண்டு இங்கிலாந்து சென்ற மேற்கிந்திய அணியில் இடம்பெற்று, லோர்ட்ஸ் மைதானத்தில் 113 ஓட்டங்களைக் குவித்தவர். அந்தப் பயணத்துக்குப் பணமில்லாமல் அவர் ஊரிலேயே தங்கிவிட்டதாகவும், கப்பல் புறப்பட்ட நாளில் அவரைத் தெருவில் கண்டவர்கள் பணம் திரட்டி, விசைப்படகு ஒன்றில் ஏற்றி, கப்பலைத் துரத்திப் பிடித்து அனுப்பிவைத்ததாகவும் டிரினிடாடில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வந்தது.

பள்ளிப் படிப்பை முடித்த லியரி போர்ட் ஒஃப் ஸ்பெயினில் வழக்கறிஞர் நிறுவனமொன்றில் எழுத்தராகச் சேர்ந்தார். சட்டம் படிக்கும் ஆசை அங்கேதான் முளைவிட்டது. அத்தீவில் அன்று ஒரு கறுப்பின எழுத்தர் வழக்கறிஞராக உயர்வதற்குப் பணமும் வேண்டும், செல்வாக்கும் வேண்டும். இரண்டும் அவரிடம் இல்லை. கிரிக்கெட் கழகங்களும்கூட நிறத்தின் படிநிலையிலேயே அமைந்திருந்தன. வெள்ளையருக்கு ஒரு கழகம், வெளிர்நிறத்தவருக்கு இன்னொன்று, கறுப்பின நடுத்தர வர்க்கத்தினருக்கு ஷனன் கழகம். கான்ஸ்டன்டைன் ஷனன் கழகத்தில் விளையாடினார்.

1928ஆம் ஆண்டு அவரது வாழ்வைத் திருப்பியது. மேற்கிந்தியத் தீவுகள் முதன்முறையாக டெஸ்ட் போட்டிகளில் ஆடிய சுற்றுப்பயணம் அது. மூன்று டெஸ்ட் போட்டிகளிலும் அவ்வணி படுதோல்வி கண்டது. ஆயினும் ஜூன் மாதத்தில் லோர்ட்ஸில் மிடில்செக்ஸ் அணிக்கு எதிராக நடந்த ஆட்டத்தில், தோல்வியின் விளிம்பில் நின்ற அணியைக் கான்ஸ்டன்டைன் தனியொருவராகவே மீட்டார் என்று சொல்லிவிடலாம். முதல் இன்னிங்ஸில் 86 ஓட்டங்கள். பின்னர் 57 ஓட்டங்களைக் கொடுத்து 7 விக்கெட்டுகள். இறுதியில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் 103 ஓட்டங்கள். மேற்கிந்திய அணி 3 விக்கெட்டுகளால் வென்றது. சுற்றுப்பயணம் முடிவதற்குள் அவர் 1,000 ஓட்டங்களையும் 100 விக்கெட்டுகளையும் கடந்திருந்தார்.

18 டெஸ்ட் போட்டிகளில் 635 ஓட்டங்கள், 58 விக்கெட்டுகள் என்ற கணக்கை மட்டும் பார்ப்போருக்கு அவரது புகழ் வியப்பளிக்கக்கூடும். அவர் தடுத்த ஓட்டங்களும், எட்டவே முடியாதென எல்லோரும் எண்ணிய பந்துகளைப் பாய்ந்து பிடித்த விதமும் புள்ளிவிவர ஏடுகளில் பதிவாவதில்லை.

நெல்சன் நகரில்

1929இல் வட இங்கிலாந்தின் நெசவாலை நகரான நெல்சன், லங்காஷயர் லீக் போட்டிகளில் தனக்காக ஆட அவரைத் தொழில்முறை வீரராக ஒப்பந்தம் செய்தது. அந்நாளைய பிரிட்டனில் மிக உயர்ந்த ஊதியம் பெற்ற விளையாட்டு வீரர்களுள் ஒருவராக அவர் கருதப்பட்டார். கான்ஸ்டன்டைன் ஆடிய ஒன்பது பருவங்களில் ஏழு முறை நெல்சன் அணி வெற்றிக் கேடயத்தைப் பெற்றது. 1934இல் அக்ரிங்டன் அணிக்கு எதிராக 10 ஓட்டங்களுக்கு 10 விக்கெட்டுகளையும் அவரே வீழ்த்தினார். அதே ஆண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்கும் வந்து, செகந்தராபாதில் மொயின் உத் தௌலா தங்கக் கிண்ணப் போட்டியில் ஃபிரீலூட்டர்ஸ் அணிக்காக ஆடினார்.

ஆட்டத்தைவிட நெல்சனில் அவர் வாழ்ந்த விதமே பிற்கால ஒலிபரப்பாளரை உருவாக்கியது எனலாம். கறுப்பு நிறத்தவரை அதுவரை நேரில் கண்டிராத ஊர். சிறுவர்கள் சன்னல் வழியே எட்டிப் பார்த்தனர். வசை நிரம்பிய அநாமதேயக் கடிதங்களும் வந்தன. முதல் பருவத்திலேயே திரும்பிவிட நினைத்த கணவரைத் தடுத்தவர் மனைவி நோர்மா. படிப்படியாக ஊர் அவர்களைத் தன்னவர்களாக ஏற்றது. ஆலைத் தொழிலாளர்களின் மன்றங்களிலும் தேவாலயக் கூடங்களிலும் மேற்கிந்தியத் தீவுகளைப் பற்றிப் பேசுமாறு அழைப்புகள் வந்தன. முன்பின் தெரியாத மக்களிடம், அவர்கள் அறியாத ஓர் உலகைப் பற்றி, கசப்பின்றி, ஆனால் மழுப்பாமல் எடுத்துச்சொல்லும் பயிற்சி அவருக்கு அங்கேதான் கிடைத்தது.

1932இல் அதே வீட்டுக்கு விருந்தினராக வந்தவர் டிரினிடாடின் எழுத்தாளர் சி.எல்.ஆர். ஜேம்ஸ். மேற்கிந்திய சுயாட்சிக்கு ஆதரவாக ஜேம்ஸ் எழுதிய முதல் நூல் வெளிவரக் கான்ஸ்டன்டைன் பணம் தந்தார். கான்ஸ்டன்டைனின் 'கிரிக்கெட் அண்ட் ஐ' என்ற நூல் 1933இல் வெளிவர ஜேம்ஸ் துணைநின்றார். இருவரில் யார் யாரை அதிகம் மாற்றினார் என்று சொல்வது எளிதல்ல. மேற்கிந்திய அணியின் தலைவர் வெள்ளையராகவே இருக்கவேண்டும் என்ற எழுதப்படாத விதியைக் கான்ஸ்டன்டைன் தொடர்ந்து எதிர்த்தார். ஒரு முழுத் தொடருக்குக் கறுப்பினத்தவர் ஒருவர், ஃபிராங்க் வொரல், தலைவராக நியமிக்கப்பட 1960ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வானொலி அழைத்தது

இரண்டாம் உலகப்போர் மூண்டபின் கான்ஸ்டன்டைன் இங்கிலாந்திலேயே தங்க முடிவு செய்தார். வடமேற்கு இங்கிலாந்தின் ஆயுதத் தொழிற்சாலைகளில் பணியாற்ற மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து சில நூறு தொழில்நுட்பப் பணியாளர்கள் வரவழைக்கப்பட்டனர். அவர்களுக்கான நலன்புரி அதிகாரியாகத் தொழில் அமைச்சு அவரை லிவர்பூலில் அமர்த்தியது. தங்க விடுதி கிடைக்காதவர்கள், பயிற்சிக்கு ஏற்ற வேலை தரப்படாதவர்கள், சக தொழிலாளரோடு பிணக்குற்றவர்கள், நடன மண்டபத்தில் நுழைவு மறுக்கப்பட்டவர்கள் ஆகியோரின் முறைப்பாடுகள் நாள்தோறும் அவர் மேசைக்கு வந்தன.

இதே காலத்தில்தான் தகவல் அமைச்சின் வேண்டுகோளின்பேரில் மேற்கிந்தியத் தீவுகளுக்கான வானொலி உரைகளை அவர் நிகழ்த்தத் தொடங்கினார். குடியேற்ற நாடுகளின் மக்களைப் போர் முயற்சியின் பக்கம் நிறுத்திவைக்க பிரிட்டன் பல மொழிகளிலும் பல பிராந்தியங்களுக்கும் ஒலிபரப்பை விரிவாக்கிய காலம் அது. லண்டனிலிருந்து பிபிசியின் தமிழ் ஒலிபரப்பு 1941 மே மாதம் தொடங்கியதும் இந்தச் சூழலிலேதான். மேற்கிந்திய நேயர்களுக்கான நிகழ்ச்சியை நடத்தியவர் ஜமைக்காவைச் சேர்ந்த கவிஞர் யூனா மார்சன். இங்கிலாந்தில் இருந்த வீரர்களும் தொழிலாளர்களும் அதன் வழியாகத் தம் குடும்பத்தினருக்குச் செய்தி அனுப்பினர். போரில் மேற்கிந்தியரின் பங்கைக் காட்டிய 'வெஸ்ட் இண்டீஸ் கோலிங்' என்ற குறும்படத்திலும் மார்சனும் கான்ஸ்டன்டைனும் தோன்றினர்.

கடல் கடந்த நேயர்களுக்குப் பேசியவரை உள்நாட்டு நேயர்களுக்கும் பேசுமாறு அழைப்பது அடுத்த கட்டமாயிற்று. இங்கிலாந்தில் தன் வாழ்க்கையைப் பற்றிய அவரது உரைகள் மிகுந்த வரவேற்பைப் பெற்றன. ஆனால் போர்க்கால வானொலியில் எவரும் மனம்போனபடி பேசிவிட முடியாது. ஒவ்வோர் உரையும் முன்கூட்டியே எழுதப்பட்டு, தணிக்கைக்கு உட்பட்டு, எழுதியபடியே வாசிக்கப்பட வேண்டும். நேச நாடுகளின் ஒற்றுமை குலையலாகாது என்பது அதிகாரிகளின் கவலை. நிறப்பிரிவினையைத் தன் இராணுவத்திலேயே கடைப்பிடித்த அமெரிக்காவின் படையினர் அப்போது பிரிட்டனில் பெருந்தொகையில் முகாமிட்டிருந்தனர். நிறபேதத்தை எதிர்த்து நடப்பதாகச் சொல்லப்பட்ட ஒரு போரில், நிறபேதத்தைப் பற்றிப் பேசுவதே சங்கடமான காரியமாக இருந்தது.

இம்பீரியல் ஹோட்டல் சம்பவம் இந்தச் சங்கடத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 1943 ஜூலை இறுதியில், லோர்ட்ஸில் நடைபெறவிருந்த ஆட்டமொன்றுக்காகக் கான்ஸ்டன்டைன் மனைவியுடனும் மகளுடனும் லண்டன் வந்தார். ரசல் சதுக்கத்திலுள்ள இம்பீரியல் ஹோட்டலில் நான்கு இரவுகளுக்கு அறைகள் முன்பதிவு செய்யப்பட்டிருந்தன. வருபவர் கறுப்பினத்தவர் என்பதும் முன்னரே தெரிவிக்கப்பட்டிருந்தது. ஆயினும் ஓர் இரவுக்கு மேல் தங்க முடியாது என்று அங்கே கூறப்பட்டது. அமெரிக்க விருந்தினர்கள் ஆட்சேபிப்பார்கள் என்பதே காரணம். வாக்குவாதத்துக்குப் பின் அவர் குடும்பத்துடன் வேறொரு ஹோட்டலுக்குச் சென்றார்.

நிறபேதத்தைத் தடைசெய்யும் சட்டம் எதுவும் அன்றைய பிரிட்டனில் இருக்கவில்லை. எனவே அவரது வழக்கு பழமையான ஒரு கோட்பாட்டின்மீது கட்டப்பட்டது. விடுதி நடத்துபவர், இடமிருக்கும்போது தக்க காரணமின்றிப் பயணியைத் திருப்பியனுப்பக் கூடாது என்பதே அது. 1944 ஜூனில் நீதிபதி பிர்கெட் கான்ஸ்டன்டைனுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். சாட்சியக் கூண்டில் அவர் நடந்துகொண்ட கண்ணியத்தையும் பாராட்டினார். இழப்பீடாகக் கிடைத்தது 5 கினி மட்டுமே. ஆனால் கான்ஸ்டன்டைன் வழக்குத் தொடுத்தது பணத்துக்காக அல்ல. பத்திரிகைகள் இவ்வழக்கை விரிவாக எழுதின. நாடாளுமன்றத்திலும் அது பேசப்பட்டது.

இந்த வரிசையில் 1943 செப்டம்பர் வானொலி உரையை வைத்துப் பார்க்கவேண்டும். ஹோட்டல் வாசலில் அவமதிக்கப்பட்ட மனிதர், நீதிமன்றம் செல்வதற்கு முன்னரே, நாடு முழுவதும் கேட்கும் ஒலிவாங்கியில் நிறபேதத்தைப் பற்றிப் பேசினார். ஓர் அரசியல் தலைவர் இதைச் செய்திருந்தால் கிளர்ச்சிப் பேச்சாகக் கொள்ளப்பட்டிருக்கும். நேயர்கள் மைதானத்தில் கைதட்டி மகிழ்ந்த ஒருவர் சொன்னபோது அதைத் தட்டிக்கழிப்பது எளிதாக இருக்கவில்லை. தன் விளையாட்டுப் புகழின் பெறுமதியைக் கான்ஸ்டன்டைன் துல்லியமாக அளந்து செலவிட்டார்.

1945 ஆகஸ்டில் லோர்ட்ஸில் இங்கிலாந்துக்கு எதிராக ஆடிய டொமினியன்ஸ் அணியின் தலைவர் ஹசெட் நோயுற்றபோது, பெரும்பாலும் வெள்ளையரான அந்த அணியினர் கான்ஸ்டன்டைனைத் தலைவராகத் தேர்ந்தனர். அணி 45 ஓட்டங்களால் வென்றது. முதல்தர ஆட்டத்திலிருந்து அவர் விடைபெற்றதும் அதனுடனேயே.

பேச்சும் அதன் விலையும்

போருக்குப் பின் எழுத்தும் ஒலிபரப்பும் அவரது வருவாய்க்கு வழிகளாயின. இளமைக் கனவான சட்டப் படிப்பையும் அவர் கைவிடவில்லை. 1954இல், 50 வயதைக் கடந்த நிலையில், லண்டன் மிடில் டெம்பிளில் வழக்கறிஞராகத் தகுதி பெற்றார். 'கலர் பார்' என்ற அவரது நூலும் அதே ஆண்டில் வெளிவந்தது. வானொலியில் நிதானமாகப் பேசியவர், நூலில் கடுமையாகவே எழுதினார்.

பின்னர் டிரினிடாட் திரும்பிய அவர், எரிக் வில்லியம்ஸ் 1956இல் தொடங்கிய மக்கள் தேசிய இயக்கத்தின் தலைவராகி, அதே ஆண்டுத் தேர்தலில் வென்று அமைச்சருமானார். அரசியல் மேடை அவருக்கு அவ்வளவாக ஒத்துவரவில்லை என்றே தோன்றுகிறது. 1962இல் டிரினிடாடும் டொபேகோவும் சுதந்திரம் பெற்றபோது அவர் லண்டனில் உயர்ஸ்தானிகராக இருந்தார். சேர் பட்டமும் அவ்வாண்டு கிடைத்தது.

அடுத்த ஆண்டே சோதனை வந்தது. பிரிஸ்டல் நகரின் பேருந்து நிறுவனம் கறுப்பினத்தவரையும் ஆசியரையும் ஓட்டுநர்களாகவோ நடத்துநர்களாகவோ சேர்க்க மறுத்தது. போல் ஸ்டீவன்சன் என்ற இளைஞரின் முன்முயற்சியில் 1963 ஏப்ரல் இறுதியில் பேருந்துப் பகிஷ்கரிப்பு தொடங்கிற்று. மேற்கிந்திய அணியின் ஆட்டத்தை முன்னிட்டு பிரிஸ்டல் சென்ற உயர்ஸ்தானிகர், செய்தியாளர்களிடம் நிறுவனத்தை வெளிப்படையாகக் கண்டித்தார். நகர மேயரையும் தொழிற்சங்கத் தலைமையையும் சந்தித்துப் பேசினார். ஆகஸ்ட் 28ஆம் தேதி நிறுவனம் பணிந்தது. செப்டம்பரில் அங்கே பணியில் சேர்ந்த வெள்ளையரல்லாத முதல் நடத்துநர் ஒரு சீக்கியர்.

ஆனால் தூதர் ஒருவர் தான் பணிபுரியும் நாட்டின் உள்விவகாரத்தில் இவ்வாறு தலையிடலாமா என்ற கேள்வி எழுந்தது. பிரதமர் எரிக் வில்லியம்ஸும் அவரது செயலை விரும்பவில்லை. 1964இன் தொடக்கத்தில் கான்ஸ்டன்டைன் பதவியிலிருந்து விலகினார். ஒலிபரப்பாளராக அவருக்குப் புகழ் தேடித்தந்த அதே வெளிப்படைப் பேச்சு, தூதராக அவரது பதவியைப் பறித்தது.

அதன்பின் அவர் லண்டனிலேயே தங்கி, மீண்டும் எழுத்துக்கும் ஒலிபரப்புக்கும் திரும்பினார். 1965ஆம் ஆண்டின் இன உறவுச் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்ட சபையில் அவருக்கு இடம் கிடைத்தது. ஸ்கொட்லாந்தின் செயின்ட் அண்ட்ரூஸ் பல்கலைக்கழக மாணவர்கள் அவரைத் தம் ரெக்டராகத் தேர்ந்தனர். 1968இல் பிபிசியின் ஆளுநர்களில் ஒருவராக நியமிக்கப்பட்டார். கால் நூற்றாண்டுக்கு முன் எழுதிக் கொடுத்து அனுமதி பெற்றுப் பேசவேண்டியிருந்த நிறுவனத்தின் உச்ச சபையில் அவருக்கு ஆசனம். கறுப்பினத்தவர் ஒருவர் அச்சபையில் அமர்ந்தது அதுவே முதல் தடவை.

இந்த இடத்தில் அவரைப் பற்றிய மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. வெள்ளையர் முகத்தில் கரி பூசிக்கொண்டு பாடி ஆடும் 'பிளாக் அண்ட் வைட் மின்ஸ்ட்ரல் ஷோ' அப்போது பிபிசி தொலைக்காட்சியின் புகழ்பெற்ற நிகழ்ச்சிகளுள் ஒன்று. அதை நிறுத்துமாறு 1967இல் நிறபேத எதிர்ப்பு இயக்கமொன்று மனுக்கொடுத்திருந்தது. கான்ஸ்டன்டைன் ஆளுநராக இருந்த ஆண்டுகள் முழுவதிலும் அந்நிகழ்ச்சி தொடர்ந்தது; 1978இல்தான் நிறுத்தப்பட்டது. அமெரிக்காவின் கறுப்பின விடுதலைக் குரல்களைக் கேட்டு வளர்ந்த இளந்தலைமுறைக்கு, அவர் பட்டங்களும் பதவிகளும் பெற்று மென்மையாகிவிட்ட முதியவராகத் தெரிந்தார். உடல்நலக் குறைவால் அவரது செயற்பாடு சுருங்கியிருந்ததும் உண்மை. எனினும், வாசலைத் தட்டுவதற்கே ஒருவர் வாழ்நாளைச் செலவிட வேண்டியிருந்த காலத்தைச் சேர்ந்தவர் அவர் என்பதை அந்தக் குற்றச்சாட்டு போதுமான அளவு கணக்கில் எடுத்ததாகச் சொல்ல முடியாது.

1969இல் அவர் பிரபுக்கள் சபைக்கு நியமிக்கப்பட்டார். அச்சபையில் இடம்பெற்ற ஆப்பிரிக்க வம்சாவளியினரில் அவரே முதல்வர். பிரபு என்ற முறையில் தன் பட்டத்துடன் இரு ஊர்களின் பெயர்களை அவர் இணைத்துக்கொண்டார். ஒன்று டிரினிடாடின் மரவல். மற்றொன்று லங்காஷயரின் நெல்சன். சபையில் அவர் தன் கன்னியுரையை நிகழ்த்தியது 1971 மார்ச்சில். ஐரோப்பியப் பொதுச் சந்தையில் பிரிட்டன் இணைந்தால் பொதுநலவாய நாடுகளின் நிலை என்னவாகும் என்பதே அவரது கவலையாக இருந்தது.

டிரினிடாடுக்கே திரும்பிவிட அவர் எண்ணியிருந்தார். அதற்குள், 1971 ஜூலை 1ஆம் தேதி, லண்டனில் மாரடைப்பால் காலமானார். உடல் டிரினிடாடுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அரச மரியாதையுடன் அரூகாவில் அடக்கம் செய்யப்பட்டது. லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நினைவு வழிபாடு நடைபெற்றது. நெல்சனில் முதல் பருவத்தோடு ஊர் திரும்ப நினைத்தவரைத் தங்கச் சொன்ன நோர்மா, இரண்டு மாதங்கள் கழித்து மறைந்தார்.